650 ட்வினுக்கு ஆயில் கூலர் கிட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை ஒதுக்கி வைக்கலாம்

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் ஆயில் சிஸ்டம் கிட்டுகளை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பட்டறைகளிலும் மாட்டித் தருகிறார்கள். பெட்டி மேல் பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே வருவது ஏறக்குறைய ஒன்றுதான்: 13 வரிசை அலுமினிய கூலர் (ஆயிலைக் காற்றில் ஆற்றும் சிறிய ரேடியேட்டர்), ஸ்டீல் பின்னல் போட்ட, ஏஎன்-6 என்ற அளவு ஹோஸ் இரண்டு, இன்ஜினில் மாட்ட அடாப்டர் இரண்டு, செப்பு வாஷர்கள், காந்தம் வைத்த டிரெயின் போல்ட், கூலரைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள். கூடுதல் காசு கொடுத்தால், ஆயில் சூடான பிறகே அதைக் கூலருக்கு முழுதாகத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும், சூடும் பிரஷரும் காட்டும் கேஜும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால், ஆயிலை அதிகமாகத் தள்ளும் என்று சொல்லி விற்கும் ‘ஹை-வால்யூம்’ ஆயில் பம்ப் ரோட்டர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கூலர் விலைக்கு நன்றாகவே இருக்கிறது. ஹோஸைப் பார்த்து வாங்க வேண்டும். அடாப்டரையும் வாஷரையும் மாற்றியாக வேண்டும். தெர்மோஸ்டாட் சேராத கிட்டை நம் பக்கத்து வண்டிக்கு வாங்கவே கூடாது. பம்ப் ரோட்டர் தேவையில்லை. கேஜை மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

யாருக்கு இது வேண்டும்

650 ட்வின் இரண்டு சிலிண்டர், 648 சிசி, 47 பிஎஸ், காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கும் இன்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போதே முன்னால் ஒரு ஆயில் கூலர் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு நான்கு வழிச்சாலையில் 90, 100-ல் போய் வருகிற, எதுவும் மாற்றாத வண்டிக்கு அதுவே போதும். அந்த வண்டிக்கு இந்தக் கிட்டை மாட்டினால் எடை கூடும், ஆயில் கசிய நான்கு புது இடங்கள் வரும், வாரண்டி கேள்விக்குறியாகும். வேறு எந்த லாபமும் இல்லை.

தேவைப்படுவது இன்ஜினில் கை வைத்தவர்களுக்கு. எஸ்&எஸ் கம்பெனியின் 865 சிசி பிக்-போர் கிட் (சிலிண்டரைப் பெரிதாக்குவது) போட்டவர்கள், கம்ப்ரஷன் ஏற்றியவர்கள், வால்வைத் திறக்கும் கேமை மாற்றியவர்கள், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னை இருங்காட்டுக்கோட்டைக்கோ டிராக் ஓட்டப் போகிறவர்கள். சிலிண்டர் பெரிதாகி எரிகிற பெட்ரோல் கூடினால் வெளியேற வேண்டிய சூடும் அதே அளவுக்குக் கூடும். ஆனால் கூலரும், இன்ஜினின் சூட்டைக் காற்றில் ஆற்றும் ஃபின் தகடுகளும் பழைய அளவிலேயே நிற்கின்றன. அங்கேதான் ஆயிலின் சூடு கை மீறுகிறது.

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி சூடாகிறது என்பதற்காகக் கிட் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயம். லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது கூலர் வழியாகக் காற்றே போவதில்லை. 13 வரிசை அல்ல, 19 வரிசை போட்டாலும் காற்று ஓடாத கூலர் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கி வைக்கும், அவ்வளவுதான். ஓசூரிலிருந்து கிளம்பி பெங்களூரு டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வதும் இதே கதை. அந்த இடங்களில் ஆயிலின் தரமும், உள்ளே இருக்கும் ஆயிலின் மொத்த அளவும்தான் காப்பாற்றும்.

முதலில் அளந்து பாருங்கள்

கிட் வாங்கும் முன்பு சூடு காட்டும் கேஜ் ஒன்றை மட்டும் மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லும் பட்டறை நல்ல பட்டறை. சென்சாரை டிரெயின் போல்ட் இருக்கும் இடத்தில் போட்டால் அடியில் தேங்கி நிற்கும் ஆயிலின் சூடு கிடைக்கும். பேரிங்குக்குப் போகிற ஆயில் அங்கிருந்துதான் உறிஞ்சப்படுகிறது, அதனால் முடிவெடுக்க இந்த அளவுதான் சரி. கூலரிலிருந்து வெளியே வரும் ஹோஸில் சென்சார் வைத்தால் எப்போதும் குறைவாகவே காட்டும், பார்க்க நிம்மதியாக இருக்கும், பயன் இல்லை.

வெயில் காலத்தில், மதியத்தில் அளக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் 20 நிமிடம் ஓட்டி ஒரு அளவு, பிறகு ஊருக்குள் மெதுவாக 15 நிமிடம் ஓட்டி இன்னொரு அளவு, ஏற்றத்தில் ஒன்று. 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இன்ஜின் நலமாக இருக்கிறது. 120-ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் நல்ல சிந்தெடிக் ஆயில் போதும். நெடுஞ்சாலையில் காற்று நன்றாக ஓடும்போதே 130-ல் நிலைத்து நின்றால்தான் பெரிய கூலருக்கு நியாயம் இருக்கிறது.

இந்த எண்களுக்குக் காரணம் ஆயிலின் தடிமன். எஸ்ஏஇ 50 என்று போட்ட ஆயில் 100 டிகிரியில் 16.3-லிருந்து 21.9 சென்டிஸ்டோக்குக்குள் (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது விதி. அதே ஆயில் 130 டிகிரிக்குப் போனால் தடிமன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கிராங்க் பேரிங்கையும் கிராங்கையும் பிரித்து வைப்பது மிக மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் நீர்த்தால் படலம் மெலியும், ஓரங்களில் வேகமாக வழிந்தோடும், பிரஷர் இறங்கும். கூடவே ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஆயில் கெட்டுப்போகும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். எந்நேரமும் 130-ல் ஓடுகிற வண்டிக்கு கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை ஆயில் தாங்காது.

மறுபக்கமும் இருக்கிறது. ஆயில் 80 டிகிரிக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே சேரும் நீராவியும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மோர் நிறத்தில் ஒரு கூழ் ஒட்டியிருப்பது இதனால்தான். மார்கழிக் காலையில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஓட்டுகிறவர்கள் பெரிய கூலரை தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டினால் இந்த நிலைதான். வெயிலுக்குப் பயந்து மாட்டியது குளிரில் இன்ஜினைத் தின்னும்.

பெட்டிக்குள் இருப்பவை

கூலரைப் பொறுத்தவரை தட்டுகளை அடுக்கிச் செய்தது வந்தால் எடுத்துக்கொள்ளலாம், குழாயில் ஃபின் சொருகியது வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டாவது வகை அதிர்வில் சீக்கிரம் விரிசல் விடும். வாங்கியதும் செய்ய வேண்டியது: ஒரு வாயை அடைத்து மறு வாயில் காற்று கொடுத்து தண்ணீர் வாளியில் முக்கிப் பாருங்கள். பிறகு உள்ளே டீசல் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணி மேல் வடித்துப் பாருங்கள். தயாரிப்பில் தங்கிய அலுமினியத் தூளும் வெல்டிங் பொடியும் துணியில் மினுமினுக்கும். அது நிற்கும் வரை நான்கைந்து முறை கழுவ வேண்டும். இந்தத் தூள் ஆயில் ஃபில்டருக்கு முன்பு வருகிறதா, பின்பு வருகிறதா என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். உள்ளே போகவே கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. பேரிங் அடித்துப்போன வண்டியில் இருந்த பழைய கூலரைக் கழுவி மீண்டும் மாட்டுவது. தட்டுகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்ட உலோகப் பொடியை எந்த டீசலாலும் முழுவதும் எடுக்க முடியாது. புது இன்ஜின் சூடானதும் அது மெல்ல அவிழ்ந்து வரும். பேரிங் போன வண்டியின் கூலர் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

கூலரை எங்கே வைக்கிறார்கள் என்பதில் பட்டறையின் தரம் தெரிந்துவிடும். 650-ல் காற்று முதலில் சிலிண்டர் ஹெட் ஃபின்களில் பட வேண்டும். பெரிய கூலரை நன்றாகத் தெரிகிற மாதிரி மேலே ஏற்றி வைத்தால் ஹெட்டுக்குப் போகும் காற்றை அதுவே மறைத்துவிடும். ஆயில் சூடு கொஞ்சம் இறங்கும், ஹெட் சூடு ஏறும். ஃப்ரேமின் இரண்டு குழாய்களுக்கு நடுவே, ஃபின்களுக்குக் கீழே இருப்பதுதான் இடம். அப்படிக் கீழே வைக்கும்போது முன் சக்கரம் இடிக்காமல் பார்க்க வேண்டும். முன் ஃபோர்க்கின் அசைவு 110 மி.மீ. ராட்செட் பெல்ட்டால் ஹேண்டில்பாரை இழுத்துக் கட்டி ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி மட்கார்டுக்கும் கூலருக்கும் நடுவே குறைந்தது 15 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

வாய் இரண்டும் மேலே பார்க்கும்படியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழே பார்த்தால் மேற்பகுதியில் காற்று சிக்கி பாதிக் கூலர் வேலை செய்யாது. பட்டைகளை நேராக உலோகத்தோடு உலோகமாக இறுக்கக் கூடாது, ரப்பர் புஷ் வேண்டும். கிட்டில் ரப்பர் வருவதில்லை. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் ஜல்லி தெறிக்கும் என்பதால் முன்னால் ஒரு கம்பி வலையும் அவசியம். வலையின் கண் ரொம்பச் சிறிதாக இருந்தால் சேறு அடைத்துக்கொள்ளும், 5 மி.மீ. போதும்.

ஹோஸ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட் மாட்டிய இன்ஜின்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வெளியில் மினுக்கும் ஸ்டீல் பின்னல் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் குழாய்தான் விஷயம். மலிவான கிட்டில் சாதா நைட்ரைல் ரப்பர் வரும், தொடர்ந்து 120 டிகிரிக்கு மேல் போனால் அது விறைத்து வெடிக்கத் தொடங்கும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாய் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். வெட்டிய முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ரப்பர் கருப்பாக, தடிப்பாக இருக்கும், பிடிஎஃப்இ பெரும்பாலும் வெள்ளையாக, மெல்லியதாக, நகத்தால் அமுக்கினால் கெட்டியாக இருக்கும். ஆனால் பிடிஎஃப்இ-யை முறுக்கினாலோ குறுகலாக வளைத்தாலோ மடிந்துவிடும், மடிந்த இடம் திரும்பச் சரியாகாது.

நம் பக்கத்தில் இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது. குவாரிகளுக்கும் ஜேசிபி வண்டிகளுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தருமபுரியிலும் உண்டு. ஏஎன்-6 ஃபிட்டிங்கின் மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 சுற்று, கூம்பு 37 டிகிரி. ஹைட்ராலிக் கடைக்காரர் ஜேஐசி என்று சொல்லும் ஃபிட்டிங்கும் அதே மரை, அதே கூம்பு. உள்ளே பிடிஎஃப்இ, வெளியே ஸ்டீல் பின்னல் உள்ள ஹோஸுக்கு ஹைட்ராலிக் தொழிலில் ஆர்14 என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு, இரு முனையிலும் மெஷினில் அழுத்தி வாங்கினால் கிட்டில் வரும் கையால் திருகும் ஃபிட்டிங்கைவிட நம்பகமாக இருக்கும். 45 டிகிரி கூம்பு ஃபிட்டிங் கொடுத்தால் வாங்காதீர்கள். அது மாட்டும், கசியும். அழுத்திய ஹோஸை ஆயிலோடு 10 பார் பிரஷரில் ஐந்து நிமிடம் நிறுத்தித் தரச் சொல்லுங்கள். ஜேசிபி ஹோஸைச் சோதிக்கிற கடைக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை.

ஹோஸை நீங்களே வெட்டுவதானால் வெட்டும் இடத்தில் டேப்பை இறுகச் சுற்றி, நுண்பல் ரம்பத்தாலோ கட்டிங் வீலாலோ நேராக வெட்டுங்கள். பிறகு காற்று அடித்து, டீசலில் நனைத்த துணியை ஒரு முனையில் நுழைத்து மறு முனையில் எடுங்கள். கட்டிங் வீலில் வெட்டிய ஹோஸின் உள்ளே கருப்பு ரப்பர் தூளும் நூல்நூலான ஸ்டீல் கம்பியும் நிச்சயம் இருக்கும். துணியில் எதுவும் வராத வரை விடக் கூடாது. ஸ்டீல் பின்னல் தொட்டதையெல்லாம் அறுக்கும். ஃப்ரேமையும் வயரிங்கையும் கூலரின் ஓரத்தையும் தொடும் இடங்களில் உறை போட்டே ஆக வேண்டும்.

அடாப்டர்தான் கிட்டின் மோசமான பகுதி. இன்ஜின் பக்கம் போல்ட் வழியாக ஆயில் போகிற பாஞ்சோ வகை வந்தால் போல்ட்டின் உள் துளையை வெர்னியரில் அளந்து பாருங்கள். ஏஎன்-6 ஹோஸின் உள் விட்டம் சுமார் 8.7 மி.மீ. கிட் போல்ட்டில் துளை 5 மி.மீ. மட்டும் இருந்தால், ஆயில் போகும் வழி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பெரிய ஹோஸ், பெரிய கூலர், நடுவில் ஒரு கழுத்து நெரிப்பு. மரையையும் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எம்20×1.5 மரையும் 3/4 அங்குலம் 16 சுற்று மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறவும் செய்யும், அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் இன்ஜினின் அலுமினிய வெளிக்கூடான கேஸின் மரை போய்விடும். சென்சாரிலும் இதே சிக்கல்: 1/8 என்பிடி என்ற அமெரிக்க மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, 1/8 பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரையில் 28. கலந்து இறுக்கினால் முதல் நாள் நிற்கும், சூடேறிய பிறகு கசியும், இன்னும் இறுக்கினால் கேஸில் விரிசல் விழும்.

சரியான அடாப்டர் கிடைக்காவிட்டால் ஓசூரில் கவலையே இல்லை. டிவிஎஸ், அசோக் லேலண்டு போன்ற ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துப் பழகிய லேத், சிஎன்சி பட்டறைகள் சிப்காட்டைச் சுற்றி இருக்கின்றன. இன்ஜினில் இருக்கும் அசல் ஃபிட்டிங்கைக் கையில் கொடுத்து, மறு முனையில் ஏஎன்-6 ஆண் மரை, நடுவே நேரான 8 மி.மீ. துளை என்று சொன்னால் போதும். 6061 அலுமினியத்தில் செய்து, துளையின் உள் ஓரப் பிசிறை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிசிறு எடுக்காத துளை, பின்னால் ஆயிலோடு போகிற சில்லு.

வாஷர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் ஒட்டிய ஸ்டீல் வாஷர் வாங்குங்கள். டெஃப்லான் டேப் கூம்பு ஃபிட்டிங்கில் வரவே கூடாது. கசிவை நிறுத்துவது கூம்பு, மரை இல்லை. பிய்ந்த டேப் நூல் ஒன்று ஆயில் ஜெட்டை அடைத்தால் பிஸ்டனுக்கோ கேமுக்கோ ஆயில் நின்றுவிடும்.

தெர்மோஸ்டாட்டில் நான்கு வாய் உள்ள வகையை எடுங்கள். சுமார் 80 டிகிரியில் திறக்கத் தொடங்குவது நம் ஊர் வெயிலுக்கும் ஓசூர் குளிருக்கும் பொருந்தும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலர் பக்கம் விட வேண்டும், அப்போதுதான் கூலரில் காற்று தங்காது, திடீரென்று குளிர்ந்த ஆயில் இன்ஜினுக்குள் பாயாது. வாங்கியதும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கி, தெர்மாமீட்டரோடு அதைப் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் கூலரே இல்லாத வண்டிக்குச் சமம், கேஜ் இல்லாவிட்டால் அது தெரியவும் தெரியாது.

கேஜில் பிரஷர் சென்சாரை இன்ஜினில் நேராகத் திருகி விடாதீர்கள். கனமான சென்சார் நீண்டு தொங்கினால் ட்வினின் அதிர்வில் அடாப்டரின் கழுத்து முறியும், முறிந்த நொடியில் ஆயில் பின் டயரில் போய் விழும். ஒரு அடி நீள ஹோஸ் வைத்து ஃப்ரேமில் மாட்டுவதே சரி. டேஷில் எரியும் ஆயில் விளக்கை நம்பி இருக்க முடியாது, பிரஷர் மிகவும் விழுந்த பிறகுதான் அது எரியும். காந்த டிரெயின் போல்ட் நல்லதுதான். சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் இயல்பு, ஊசி போன்ற துண்டு இருந்தால் இன்ஜினைத் திறக்க வேண்டிய நேரம். அலுமினியமும் பேரிங் உலோகமும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்ப்பதே உண்மையான சோதனை.

பம்ப் ரோட்டர் ஏன் வேண்டாம்

‘ஹை-வால்யூம்’ என்று சொன்னதும் நல்லது என்று தோன்றும். இன்றைய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பெரும்பாலும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரோட்டர் சுழலும் ட்ரோகாய்டு பம்ப்தான். ஆர்பிஎம் ஏற ஏற அது தள்ளும் ஆயில் கூடும், பிரஷர் ஒரு அளவைத் தொட்டதும் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி விடும். பெரிய ரோட்டர் போட்டால் வால்வு சீக்கிரமே திறக்கும், அவ்வளவுதான். மிச்ச ஆயிலைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவதில் சக்தி போகும், அந்தச் சக்தி ஆயிலையே சூடாக்கும். அடியில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வடிகட்டி வலை பழைய அளவிலேயே இருப்பதால் உயர் ஆர்பிஎம்மில் பம்ப் உறிஞ்சுவதற்கு ஆயில் கிடைக்காமல் குமிழி உண்டாகும். ஹெட்டுக்கு அதிகமாக ஏறிய ஆயில் இறங்கி வர நேரமெடுப்பதால் அடியில் அளவு குறையும். பிரஷர் கூட வேண்டும் என்று ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு ஷிம் (மெல்லிய வளையம்) போடுவதும் இதே மாதிரிதான்: வால்வு திறக்காத ஐட்லிங்கில் அதனால் ஒரு பிஎஸ்ஐ கூட ஏறாது, குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் பிரஷர் எகிறி ஃபில்டரையும் சீலையும் பதம் பார்க்கும்.

1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது ஷெல் பேரிங் போட்ட ரேஸ் கார் இன்ஜின்களிலிருந்து வந்தது. ரோலர் பேரிங் கிராங்க் உள்ள ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு அதை வைத்துப் பார்த்து பயந்து, நன்றாக இருக்கும் பம்பைக் கழற்றுவது வீண்.

பம்ப் மேல் சந்தேகம் இருந்தால் புது ரோட்டர் வாங்கும் முன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள். ட்ரோகாய்டு பம்புகளில் பொதுவாக உள் ரோட்டர் முனைக்கும் வெளி ரோட்டருக்கும் இடைவெளி 0.20 மி.மீ. தாண்டினால், அல்லது ரோட்டரின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பார்க்கும்போது பக்க இடைவெளி 0.10 மி.மீ. தாண்டினால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே இறுதி. தேய்ந்திருந்தால் கம்பெனி பம்பையே புதிதாகப் போடுங்கள், அந்தக் காசு வீண் போகாது.

மாட்டும் வேலை

ஒழுங்காகச் செய்தால் அரை நாள் வேலை. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் கூலரைக் கழுவப் போவதில்லை.

இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் கேஸில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது ஃபில்டர் ஏறினால் இரண்டு ரப்பர் சேர்ந்து முதல் உயர் ஆர்பிஎம்மில் பிதுங்கி, மூன்று லிட்டர் ஆயிலும் நிமிடத்தில் ரோட்டில் இருக்கும். புது ரப்பரில் ஆயில் தடவி, கேஸைத் தொட்டதும் கையால் முக்கால் சுற்று. ஏஎன் ஃபிட்டிங்குகளைக் கையால் முட்டும் வரை திருகி, பிறகு ஆறில் ஒரு சுற்று. எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று அடாப்டரைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒற்றை ஸ்பேனரில் இறுக்கியதால்தான் கூலரின் வாய் முறுக்கிக்கொண்டு வெல்டில் விரிசல் விடுகிறது.

650-ல் ஃபில்டரோடு ஆயில் மாற்றினால் சுமார் 3.1 லிட்டர் பிடிக்கும். ஏஎன்-6 ஹோஸ் ஒரு மீட்டருக்கு 60 மில்லி என்று கணக்கு. கூலருக்கு எவ்வளவு என்பதை மாட்டும் முன்பே அளவுக் கோப்பையால் ஊற்றி அளந்துவிடுங்கள். பழைய கூலருக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கூட்ட வேண்டும். முழு அளவையும் கூட்டினால் ஆயில் அதிகமாகி ஏர்பாக்ஸுக்குள் வந்து விழும்.

ஸ்டார்ட் செய்யும் முன்பு ஃபூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, பிளக்கைக் கேப்பில் சொருகி இன்ஜினில் எர்த் படும்படி வைத்து, ஸ்டார்ட்டரை ஐந்து ஐந்து நொடியாக அழுத்துங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் இருக்காது, பேரிங் மேல் சுமை இல்லாமல் ஆயில் கூலரை நிரப்பி ஹெட் வரை ஏறிவிடும். கேஜில் முள் நகர்ந்த பிறகுதான் பிளக்கையும் ஃபியூஸையும் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் நேராக ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பிறகு ஐட்லிங்கில் விட்டு ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரும் வரை ஓட வேண்டும், கூலரின் மேல் ஓரம் கையில் சுட்டால்தான் ஆயில் அங்கே வந்திருக்கிறது என்று பொருள். அணைத்து, சில நிமிடம் விட்டு, மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, இன்ஜினில் உள்ள அளவுக் கண்ணாடியில் ஆயில் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். முழுவதும் ஆறிய பிறகு ஃபிட்டிங்குகளை இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-50, ஏபிஐ எஸ்என், ஜாசோ எம்ஏ2 (ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்ற தரம்). பிக்-போர் வண்டிக்கு அதே 50-ல் முழு சிந்தெடிக் எடுத்தால் போதும். எஸ்டர் சேர்த்த மோட்டுல் 7100 போன்றவை பெங்களூருவிலும் சேலத்திலும் சுலபமாகக் கிடைக்கும். ஜாசோ எம்பி என்று போட்ட ஸ்கூட்டர் ஆயிலோ, எரிபொருள் சிக்கனம் என்று விளம்பரம் செய்யும் கார் ஆயிலோ ஊற்றினால் உராய்வைக் குறைக்கும் மருந்து கிளட்ச் தட்டில் ஏறி வழுக்கத் தொடங்கும். 865 சிசி-யின் டார்க்குக்கு அது முதலில் நான்காவது, ஐந்தாவது கியரில் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் காட்டிக்கொடுக்கும். தடிமன் கூட வேண்டும் என்று 20டபிள்யூ-60 ஊற்றத் தேவையில்லை. குளிர்ந்த காலையில் ஹெட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், பம்ப்தான் கூடுதலாகத் திணறும்.

கிட் போட்ட முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் வடித்து, ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். கூலரிலும் ஹோஸிலும் மிச்சமிருந்த தூள் அதில்தான் வந்து நிற்கும். மடிப்புகள் சுத்தமாக இருந்தால் அடுத்த மாற்றத்தை வழக்கமான இடைவெளிக்குக் கொண்டுபோகலாம். மினுமினுப்பு தெரிந்தால் அது வெள்ளி நிறமா செம்பு நிறமா என்று வெயிலில் பாருங்கள். வெள்ளி என்றால் பெரும்பாலும் கூலரின் அலுமினியம், இன்னொரு 500 கிலோமீட்டரில் குறைந்துவிடும். செம்பு நிறம் என்றால் பேரிங், வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள்.